அண்ணையின் கட்டில் வெளியே போன நாள்

எங்கள் வீட்டில் இருந்த இரண்டு அறைகளில் ஒன்று முழுக்க விதை வெங்காயப் பிடிகள் தொங்கின. வெங்காயத்தை வெளியே விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு அறை கொடுக்கிற கமக்காரன் அந்தக் காலத்து அச்சுவேலியில் பிறந்திருக்கவில்லை. ஆகவே அப்பாவும் அம்மாவும் ஹோலில் படுக்க, மற்ற அறை எனக்கும் என்னைவிட நாலு வயது மூத்த அண்ணைக்கும் பொதுவாக இருந்தது. நடுவில் சோக்கட்டியால் கோடு கிழித்து வைத்திருந்தேன். அண்ணையின் காற்பந்துக் காலுறைகள் அந்தக் கோட்டை ஒருநாளும் மதித்ததில்லை. அவற்றின் மணம் அதைவிட மோசம்.

நான் பெரியபிள்ளையானதும் காலம் என் பக்கம் திரும்பியது. தண்ணி வார்க்கும் சடங்கு வரை ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாது என்று என்னை அறைக்குள் இருத்தி, அண்ணையின் கட்டிலை வெளியே எடுத்தார்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கத் தந்து வதைத்தார்கள்தான். ஆனாலும் நான் அங்கே ராசாத்தியாக இருந்தேன். தண்ணி வார்த்து, சேலை உடுத்திப் படம் பிடித்து முடித்த அன்று பின்னேரமே அம்மா அந்தக் கட்டிலை மறுபடி உள்ளே போடுவித்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறினாலே கண்ணை உருட்டுகிற அம்மா, இதில் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க மறுத்தார்? அழுது பார்த்தேன், சோறு வேண்டாம் என்று பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் மாமியிடம் போட்டுக்கொடுத்தேன். மாமி அப்பாவின் தமக்கை. அவர் வாய் திறந்தால் அப்பாவுக்கு மறுபேச்சுக் கிடையாது.

மாமி வந்தார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமலே தொடங்கினார்.

"குமர்ப்பிள்ளையையும் பெடியனையும் ஒரு அறைக்கை விட்டிருக்கிறியளே, சனம் என்ன கதைக்கும்?"

அம்மா குனிந்த தலை நிமிராமல் சொன்னார். "அவன் உள்ளுக்கை படுத்தால்தான் மச்சாள் எனக்கு நித்திரை வரும்."

மகன் மேல் இருக்கிற செல்லத்தைப் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியும் லேசில் விடவில்லை. பொழுதுபட முன்னமே அப்பா கட்டிலின் ஒரு தலைப்பைத் தூக்கினார். மறு தலைப்பைத் தூக்கிய அண்ணை, "உன்ரை குறட்டையிலை இருந்து தப்பினன்" என்று சொல்லிக்கொண்டே முன் விறாந்தைக்குப் போனான். நான் கதவைச் சாத்தித் திறாங்கு போட்டேன். திறந்து, இன்னொருமுறை போட்டேன். பிறகு சோக்கட்டிக் கோட்டைக் காலால் அழித்து, அதன் மேலேயே நின்று ஆடினேன். அப்படியொரு வெற்றி அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

அன்று தொடக்கம் அம்மா ஹோலை விட்டு, விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் வாசற்கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டார். உள்ளே புழுக்கமாம். தோற்றுப்போன கோபத்தில் செய்கிறார் என்றே நான் நினைத்தேன். அண்ணையின் வகுப்புப் பெடியன்கள் ஒவ்வொருவராக, வீட்டில் சொல்லாமல் இரவோடிரவாக, துவக்குத் தூக்கிச் சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த வருசம் அது. அறைக்குள் படுக்கிறவன் ஹோலில் கிடக்கும் அம்மாவைத் தாண்டாமல் வெளியே போகமுடியாது என்பது எனக்கு விளங்கப் பல வருசம் எடுத்தது.

அண்ணை போகவில்லை. மார்கழிப் பனியிலும் அம்மா அந்த வாசலை விட்டுப் பாயை எடுக்கவில்லை. நான் உள்ளே திறாங்கைப் போட்டுவிட்டு, கைகாலைப் பரப்பி, அந்த வீட்டில் நிம்மதியாக நித்திரை கொண்ட ஒரே ஆளாகக் கிடந்தேன்.