பத்து மணிக்குக் காய்ச்சல் இல்லை

சாந்தோமில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த அந்த நர்சிங் ஹோமில், பெரிய டாக்டர் காலை பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் வருவார். அதற்குள் விரிப்பு மாற்றி, தலை வாரி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவது போல நோயாளிகளைத் தயார் செய்துவிடுவார்கள். எட்டு மணிக்கே ஆளுக்கொரு காய்ச்சல் மாத்திரை. ஒன்பதரைக்குத் தெர்மாமீட்டர். சார்ட்டில் எல்லோருக்கும் நார்மல்! சாயங்காலக் கட்டத்தில் காலையில் எழுதியதையே பார்த்து எழுதுவார்கள். என் வகுப்பில் எவளாவது இப்படிக் காப்பியடித்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கப் போய், உடைந்த படகுப் பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியை மிதித்து, கால் வீங்கி அங்கே சேர்ந்திருந்தார். நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. "பஸ் வந்துடுச்சா?" என்று என்னைக் கேட்டார். சிஸ்டரிடம் ஓடினேன்.

"சார்ட்ல நார்மல்தானே மேடம் இருக்கு?"

"சார்ட்டுக்கா வைத்தியம் பாக்கறீங்க? ஆளைத் தொட்டுப் பாரும்மா!"

"டென்ஷன் ஆகாதீங்க. பத்து மணிக்கு டாக்டர் வந்துடுவாரு."

அறை துடைக்க வந்த ஆயாதான் நின்று பார்த்தாள். "இன்னாம்மா இது, இப்டி மூச்சு வாங்கிக்கினு கீறாரு? நேத்துலேர்ந்து பாட்டில்ல ஒன்னுக்கே காணோம். எதுனா பண்ணும்மா."

எட்டு மணிக்கு வந்த மாத்திரையை அவருக்குக் கொடுக்காமல் கைக்குட்டையில் முடிந்துவைத்தேன். ஒன்பதரைக்கு நூற்று நான்கு. சிஸ்டர் பதறினாள்.

"மாத்திரை குடுக்கலையா? ஐயோ, டாக்டர் என்னைத்தானே திட்டுவாரு!"

அடிப்பாவி, உன் கவலை உனக்கு!

டாக்டர் நாடி பிடித்தார், பிரஷர் பார்த்தார். முகம் கறுத்தது. "ரத்தத்துல செப்டிக் ஏறியிருக்கு. ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று என் மேலேயே பாய்ந்தார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. மூன்று நாளாக அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனவர் அவர்தான். பிறகு ஊசி என்ன, ரத்தப் பரிசோதனை என்ன, ஒரே ஓட்டம். மத்தியானம் ஆபரேஷன்.

ஆள் பிழைத்தார். வீட்டுக்கு வந்ததும், அவர்கள் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தைப் படித்துக் காட்டினேன்: நான்காம் நாள் காலை காய்ச்சல் தொடங்கியது; உடனே கண்டறியப்பட்டு, உடனே சிகிச்சை அளிக்கப்பட்டது.

அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

"உடனேவா?" என்று கேட்டார்.