ஓரக்கண்ணுக்குச் சிக்கும் நட்சத்திரம்

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வேலை. பொழுது சாய்ந்தால் பைனாகுலரோடு மொட்டை மாடி. பார்ப்பது ஒரே ஒரு நட்சத்திரத்தை. அது உப்பும், சுருங்கும்; அதோடு ஒளியும் ஏறி இறங்கும். மங்கி மறைந்தே போய், சில மாதம் கழித்துத் திரும்பி வரும். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு எவ்வளவு வெளிச்சம் என்று தன்னைப் போன்ற கிறுக்கர்களின் குழுவுக்கு அனுப்புவார். அதை அவருடைய சின்ன வீடு என்பேன் நான். "அவ உன்னை மாதிரி கத்தமாட்டா" என்பார். கொழுப்பு!

இந்தத் தடவை போன நட்சத்திரம் திரும்பவில்லை. குழுவில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார்.

"எங்களுக்கெல்லாம் தெரிய ஆரம்பிச்சிடுச்சுங்க."

"வரும்னு நெனச்சுப் பார்த்தா வராததும் தெரியும். என் கண்ணுல படாததை நான் எழுதமாட்டேன்" என்று இவர் வெட்டிவிட்டார். நேர்மையாம். வீம்பு!

வீட்டிலோ கதவில் தோளை இடித்துக்கொண்டார், பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிட்டார். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று வைதுகொண்டே துடைத்தேன்.

ஒரு நாள் இருட்டியதும் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"நீயே பாரு. அவ வரணும்னு நெனைக்காத ஒரே ஆளு நீதான்."

வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே பார்க்கச் சொன்னார். ஒன்றுமே இல்லை.

"நேரா முறைக்காதே. மங்கலானது ஓரக்கண்ணுக்குத்தான் சிக்கும். கொஞ்சம் தள்ளிப் பாரு."

தள்ளிப் பார்த்தேன். புள்ளியாய் ஒன்று நின்றது.

"இருக்குங்க."

"எங்க?"

"நடுவுல இருக்கிறதுக்கு நேர் கீழ."

அதுதான் சரியான இடம். பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்தார். மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கண்ணில் அழுத்தம் என்றார் டாக்டரம்மா. ஓரப்பார்வையைத்தான் முதலில் தின்னுமாம், வலிக்கவும் வலிக்காதாம். மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து எழுதினார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"சரிங்கம்மா. போனது எத்தனை மாசத்துல திரும்பும்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இவர் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் சொன்னேன்.

"இது திரும்பாதுங்க."