லிகெர்ஸ் சரிவில் அறுபது வயதுக் கொடி

அன்று காலை முதல் வேலையாகக் கனடாக் குடிவரவுப் படிவத்தில் கையெழுத்திட்டு உறையை ஒட்டினேன். "அங்கே தனியாக என்ன செய்கிறாய், இங்கே வந்துவிடு" என்று ரொறன்ரோவிலுள்ள தம்பி கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமைக்குள் அனுப்பிவிட வேண்டும். நான் இருக்கும் சுவிஸ் ஊரான துன்னின் ரயில் நிலையத்துத் தபால்பெட்டியில் போட நினைத்திருந்தேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது.

1986 ஒக்டோபர், ஒரு வெள்ளிக்கிழமை, என் ஓய்வு நாள். ஹோட்டல் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் குணம் அண்ணை, ஹோட்டலுக்கு ஆறு போத்தல் வெள்ளை வைன் வாங்க லிகெர்ஸுக்குப் போனார். ஏரி பார்க்கலாமென்று நானும் தொற்றிக்கொண்டேன்.

"விரத நாளில வைன் தோட்டமோ, ரீச்சர்? முருகன் கோவிக்கப் போறார்."

"நான் மணந்து மட்டும் பாக்கிறன். மணத்துக்கு விரதமில்லை."

8.05க்குத் துன்னில் ஏறி, பேர்னிலும் பீலிலும் மாறினால் 9.45க்கு லிகெர்ஸ். ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீற்றர். அரைக்கட்டண அட்டையுடன் போய்வர பதினாறு பிராங். பீல் வரை ஒரே மூடுபனி. வயல்கள் தோன்றித் தோன்றிக் கரைந்தன. பீலைத் தாண்டியதும் ஏரி ஓரத்தில் பனி விலகியது. சரிவு முழுவதும் திராட்சைக் கொடிகளின் மஞ்சள். இலைகளுக்குள் யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல இருந்தது. நான் விழித்திருக்கிறேனா என்றே ஐயம் வந்தது.

தோட்டத்தைத் தன் அண்ணனோடு சேர்ந்து நடத்தும் எல்ஸ்பெத் சேற்றுச் சப்பாத்தோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய சுவிஸ் ஜெர்மன் எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். குணம் அண்ணைதான் மொழிபெயர்த்தார்.

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்று சொல்லும் திராட்சைப் பந்தல்களை நினைத்துக்கொண்டு, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் இறைப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன். எல்ஸ்பெத் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இறைக்கிறேல்லையாம், ரீச்சர். தண்ணி விட்டா வேர் சோம்பேறியாப் போயிடுமாம். இந்தக் கொடியளுக்கு அறுபது வயசாம். வேர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால எங்கயோ போயிட்டுதாம்."

பதினெட்டு வருடம் தாவரவியல் படிப்பித்தவள் நான். கை தானாக அடிமரத்துக்குப் போனது. மண்ணுக்குச் சற்று மேலே ஒரு புடைப்பு.

"இது ஒட்டுக் கொடியோ?"

எல்ஸ்பெத் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓமாம். மேல் பாதி இந்த ஊர், கீழ் பாதி அமெரிக்கா. ஊர் வேரைப் பூச்சி திண்டு முடிச்சிட்டுதாம்." குணம் அண்ணைக்குக் குறும்பு வந்துவிட்டது. "எங்களைப்போல இஞ்ச இருக்கப் பெர்மிட் இருக்கோ எண்டு கேக்கட்டோ?"

கேட்டும்விட்டார். எல்ஸ்பெத் கொடியைத் தட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"அறுபது வருசமா வைன் குடுக்கிறதிட்ட இனி ஆர் பெர்மிட் கேக்கிறது எண்டுறா."

நிலவறையில் எனக்கும் ஒரு சிறு கிண்ணம் ஊற்றினார். குடிக்கவில்லை, மணந்தேன். முதல் மழையில் நனைந்த எங்கள் ஊர்க் கிணற்றுக் கட்டின் மணம். அங்கேயும் சுண்ணாம்புக் கல்தான். கிண்ணத்தை வெகுநேரம் கீழே வைக்கவில்லை. புறப்படும்போது எல்ஸ்பெத் என் கையைப் பிடித்து, மார்ச்சில் கொடி வெட்ட ஆள் வேண்டும், ஒட்டைக் கண்டுபிடிக்கும் கை நல்ல கை என்றார். துன்னைப் போல லிகெர்ஸும் பேர்ன் கன்ரோன், அதாவது அதே மாநிலம்தான் என்பதால் வேலை பெர்மிட்டை மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம் என்றார் குணம் அண்ணை.

போக விரும்புவோருக்கு: இலை மஞ்சளாகும் ஒக்டோபர் கடைசியில் போங்கள். சரிவின் மேலுள்ள தேவாலயத்துக்கு ஏறும் பாதை வழுக்கும், றப்பர் அடிச் சப்பாத்து அவசியம். போத்தல் ஒன்பது பிராங். விரதகாரர் சனிக்கிழமை போவது நல்லது.

உறை இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை போய்விட்டது. தம்பிக்கு இன்னும் எழுதவில்லை, குணம் அண்ணைக்கும் சொல்லவில்லை. மார்ச்சில் நான் அந்தச் சரிவில் நிற்பேன்.