அக்கா குடித்த பாசித் தண்ணீர்

என் அக்கா தையல்காரி. திருகோணமலைக் கடைத்தெருவில் அவவின் கடை இருந்த காலத்தில், ஊரில் பாதிப் பெண்களின் சட்டையளவு அவவுக்கு மனப்பாடம். கோயிலில் யாரையாவது கண்டால், "இவ மெலிஞ்சிட்டா, சட்டையில தோளைப் பிடிச்சுத் தைக்கவேணும்" என்று என் காதுக்குள் சொல்லுவா. நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்யவில்லை. லிங்கநகரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குத் தலை நரைத்த பிறகும் அவ எனக்குச் சோறு கட்டித் தருகிறா.

நான் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் கடற்பாசியோடு வேலை செய்பவள். உப்புவெளிக் கடற்கரைப் பாறைகளில் வளரும் பழுப்புப் பாசியைக் கொண்டுவந்து, கழுவிக் காயவைத்து அரைத்து, அதிலுள்ள சேர்வைகளைப் பிரித்தெடுப்போம். கண்ணாடித் தட்டில் வளரும் நரம்புக் கலங்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு, பிறகு அவற்றைக் கொல்லக்கூடிய ஒரு நஞ்சைச் சேர்ப்போம். பாசிச் சேர்வை கொடுத்த தட்டில் கூடுதலான கலங்கள் தப்பிவிடும். மனிதரின் ஞாபகத்தை அது காக்குமா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது.

அக்காவுக்கு மறதி தொடங்கியது தையலில்தான். ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாக வெட்டிவிட்டு, தானே விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு ஒரு நாள் சந்தைக்குப் போனவ, திரும்பி வரும் வழி தெரியாமல் சந்தியில் நின்றிருக்கிறா. தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவர் ஏற்றிவந்து விட்டார். அன்றைக்கு அவ சிரிக்கவில்லை. வெயில் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தா.

சில நாட்களின் பின், என்னோடு வேலை செய்பவரிடம் போனில் தட்டுகளின் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறா. நான் போனை வைத்ததும் வெளியே வந்தா.

"அந்தச் சாறில எனக்கும் கொஞ்சம் தாவன்."

"அது மருந்தில்லை அக்கா. தட்டில நடக்கிறது மனிசருக்குள்ளயும் நடக்குமெண்டு சொல்ல ஏலாது."

"சரி" என்றா. அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அதன் பிறகு நான் பாசி எடுக்கப் போகும்போதெல்லாம் அவவும் வரத் தொடங்கினா. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியோடு முழங்காலளவு தண்ணீரில் நிற்பா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பை அவவின் கையில் கிடந்து நடுங்கியது. நெஞ்சு படபடக்கிறது என்றா. உடனே கிளினிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த பெண் டொக்டர் கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்து, "புதுசா ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார். அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னா, "பாசித் தண்ணி."

எனக்குத் தெரியாமல் வாளியிலிருந்து எடுத்து, காயவைத்து, துணிப் பெட்டிக்குள் ஒளித்து, நான் வேலைக்குப் போனதும் அவித்துக் குடித்திருக்கிறா. வாய்க்குள் வைக்க ஏலாமல் இருந்ததாம், சீனி போட்டாவாம்.

டொக்டர் சிரிக்கவில்லை. அந்தப் பாசியில் அயடீன் மிகக் கூட என்றும், அது தைரொயிட்டைக் குழப்பிவிட்டது போலிருக்கிறது என்றும் சொல்லி, இரத்தம் சோதிக்க எழுதினார். பிரசரும் கூடுதலாக இருந்தது. "மூளையைக் காப்பாத்தவேணுமெண்டால் முதல்ல பிரசர்க் குளிசையை ஒழுங்காப் போடுங்கோ. நடவுங்கோ. ஆக்களோட கதையுங்கோ" என்றார்.

ஓட்டோவில் வரும்போது எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ விடமாட்டாய்." பிறகு வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னா, "சட்டையளவு மறந்தாப் பரவாயில்லை. உன்னை மறந்துபோடுவனோ எண்டுதான் பயம்."

வீடு வரும்வரை அவவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடையில் அக்காவோடு ஒன்றாகத் தைத்த சிநேகிதி ஒருவர் கிண்ணியாவில் இருக்கிறார். செய்தி கேட்டு பஸ் ஏறி வந்தார். ரமழான் நோன்பு காலத்தில் செய்வதுபோல, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு இறுக்கிய 'கடற்பாசி' இனிப்பு ஒரு தட்டு நிறைய அவர் கையில். பெயரைக் கேட்டதும் அக்கா பயந்து என்னைப் பார்த்தா.

"இது வேற பாசி, அக்கா. பயமில்லாமல் சாப்பிடலாம்."

"மறதிக்கு நல்லதோ?" என்று அக்கா சிநேகிதியைக் கேட்டா.

"அது எனக்குத் தெரியா. வாய்க்கு நல்லம். தின்னு புள்ள."

இரண்டு பேரும் தட்டை வழித்து முடித்தார்கள். கடைசி பஸ்சுக்கு நேரமாகும்வரை பழைய வாடிக்கையாளர்களின் கல்யாணங்களையும் சண்டைகளையும் கதைத்தார்கள். அக்கா தடுமாறிய இடத்தில் சிநேகிதி எடுத்துக் கொடுத்தார். சிநேகிதி பிழையாகச் சொன்ன இடத்தில் அக்கா திருத்தினா. இப்போது அவர் கிழமைக்கு ஒருமுறை வருகிறார். வெயில் தாழ்ந்ததும் கடற்கரையில் நடக்கிறார்கள்.

தைரொயிட் சரிவந்துவிட்டது. மறதி போகவில்லை, பெரிதாகக் கூடவுமில்லை. குளிசையை நான் கையில் வைத்துக் கொடுத்து, விழுங்கும்வரை நிற்பேன்.

போன மாதம் அவவை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப் போய், நுணுக்குக்காட்டியில் கலங்களைக் காட்டினேன். நெடுநேரம் குனிந்து பார்த்தா.

"இதுகளுக்குச் சாப்பாடு ஆர் குடுக்கிறது?"

"நான்தான்."

"ஞாயிற்றுக்கிழமையுமோ?"

"ஓம்."

"தனியவோ வாறனீ?" என்றா. அடுத்த ஞாயிறு நான் புறப்படும்போது, அக்கா சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றா. கையில் எங்கள் இரண்டு பேருக்கும் கட்டிய சோறு.