பூங்காவில் என்ன களவு போகும்?

மானைச் சுட்டவனையும் மரத்தை வெட்டினவனையும் தேடிப் பிடிப்பதற்கென்றே மத்திய அரசு சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது என்று சொன்னால், எங்கள் தமிழ் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். அப்படி ஆட்கள் இருந்தார்கள். இரண்டாயிரங்களில் சில வருஷம் மொன்றியலில் நான் அவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். மத்திய அரசின் பூங்காக்களுக்குள் நடக்கும் குற்றங்களைத் துப்புத் துலக்குவது அவர்களுடைய வேலை. அவர்களை அனுப்பிவிட்டு, திரும்பி வரும்வரைக்கும் சென்ட் லோரன்டில் இருந்த எங்கள் அலுவலகக் கந்தோரில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது என்னுடைய வேலை. நாலு பேரை வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியில் இருப்புக் கொள்ளாமல் தவித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். இது உங்களுக்குத்தான்.

என்னோடு வேலை செய்தவர்களில் இரண்டு பேரை அறிமுகப்படுத்தினால் போதும். மார்செல்: பெரிய உடம்பு, ஓய்வுக்குக் கிட்டின வயது, சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். லீன்: மெல்லிய பெண், இளம் வயது, எடுத்ததைப் பாதியில் விடாதவள். இரண்டு பேரும் பேசியது பிரெஞ்சு. அதை எனக்கு வந்த தமிழில் போடுகிறேன். எல்லாரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் மாதிரிக் கேட்டால் குறை நினைக்காதீர்கள்.

பூசை முடிந்த பிறகு

எனக்கு இந்தப் பதவி கிடைத்த செய்தி எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது, மன்னார்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். ஊரில் பொலிஸில் இருந்தவர். "பிள்ளை, நீங்கள் பொலிஸோ?" என்று கேட்டார். பொலிஸ் மாதிரித்தான், பூங்காவுக்குள் நடக்கிற குற்றங்களை விசாரிக்கிற ஆட்களுக்குப் பொறுப்பு என்றேன். கையில் சுடுவதற்குத் துவக்கு இருக்குமா என்று கேட்டார். அவர்களுக்கு இருக்கும், எனக்கு மேசை இருக்கும் என்றேன்.

பெரியவர் கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு நல்லாக யோசித்தார். நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பூங்காவைத்தான் மனதில் ஓடவிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஊஞ்சல், சறுக்கு மரம், ஆட்கள் குந்தியிருக்கிற மர வாங்கில், நாய் கொண்டு வருகிறவர்கள். பிறகு என்னை உண்மையான இரக்கத்தோடு பார்த்துக் கேட்டார்: "அங்கை என்ன பிள்ளை களவு போகப்போகுது? வாங்கிலோ?"

காட்டு உள்ளி

வாங்கில் களவு போகவில்லை. உள்ளி களவு போனது. இந்த மாகாணத்துக் காடுகளில் வசந்தம் வந்ததும் பூண்டு மாதிரி மணக்கிற ஒரு காட்டு உள்ளி முளைக்கும். ஒரு விதை கிழங்காகிப் பூப்பதற்குப் பல வருஷம் எடுக்கும். ஆட்கள் அதன் ருசிக்கு உயிரை விடுவார்கள். பூங்காவுக்குள் கிண்டுவது குற்றம். அந்த வருஷம் ஒரு சரிவு முழுவதையும் பன்றி உழுத மாதிரி யாரோ கிண்டிக்கொண்டு போய்விட்டார்கள். மேலிடம் என்னைப் போட்டு நெரித்தது. எங்களுக்குச் சந்தேகம் ரெனே என்கிற ஒரு ஆளில். கண்ட சாட்சி இல்லை.

ரெனே கந்தோருக்கு வந்தான். பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு என்று சட்டப்படி சொன்னோம். அவனும் அந்த உரிமையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். லீன் கேட்ட கேள்வி ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. நான் அடுத்த அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, மேலிடத்துக்கு என்ன சொல்லலாம் என்று வசனம் அமைத்துக்கொண்டிருந்தேன். லீன் களைத்துப்போய்ப் பேனையை வைத்தாள். அப்போதுதான் மார்செல், விசாரணை முடிந்தது போலக் கதிரையில் சாய்ந்து, தன் மனைவியைப் பற்றி லீனிடம் குறைபடத் தொடங்கினார். யாரோ உறவுக்காரர் தங்கள் வீட்டு வளவில் முளைத்த காட்டு உள்ளி கொஞ்சம் கொடுத்தார்களாம். மனைவி அதை எண்ணெயில் ஊறப் போட்டாளாம். எல்லாம் கறுத்துக் கசந்து போய்விட்டதாம்.

ரெனே நெளிந்தான். உதட்டைக் கடித்தான். மார்செல் விடவில்லை, அடுத்த வருஷமும் எண்ணெயில்தான் போடப்போகிறாளாம் என்றார். அதற்கு மேல் மனிதனால் பொறுக்க முடியவில்லை: "எண்ணெயோ? சும்மா நல்ல சாமானைப் பழுதாக்கிப் போட்டா! நான் கிண்டின மூண்டு சாக்கும் வினாகிரியிலதான் போட்டு வைச்சிருக்கிறன், இண்டைவரைக்கும் ஒண்டும் கறுக்கேல்லை!"

மணம்

பூங்கா ஏரி ஒன்றில் களவாக வலை போட்டு மீன் பிடித்து, காயவைத்து, மொன்றியலில் விற்கிறார்கள் என்று ஒரு தகவல். கொஞ்ச நாளில் இன்னொரு தகவல்: சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சிய அறையிலிருந்து தாங்க முடியாத மீன் நாற்றம் வருகிறது, பெட்டி பெட்டியாக இறக்குகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த லீனுக்குக் கண் பிரகாசித்தது. நீதிமன்றத்தில் சோதனை உத்தரவும் வாங்கிவிட்டாள். கதவில் இருந்த பெயர் தமிழ்ப் பெயர் என்பதால், மொழிக்கு உதவியாக இருக்கட்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

காரை விட்டு இறங்கினதுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அது களவு மீன் மணம் இல்லை. அது நீர்கொழும்புக் கருவாட்டு மணம். நான் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோற்றோடு தின்ற மணம். ஆனால் உத்தரவு உத்தரவுதான், என் மூக்கை நீதிமன்றத்தில் சாட்சிக்கு ஏற்ற முடியாது. சீருடை போட்ட ஆறேழு பேர் உள்ளே போனார்கள். பெட்டிகளை உடைத்தார்கள். லீன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கட்டாக் கருவாட்டை வாலில் பிடித்துத் தூக்கி, கொலை ஆயுதம் மாதிரிப் பையில் போட்டாள்.

அந்தக் களஞ்சியத்தின் சொந்தக்காரர், கடைக்காரர் செல்வம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும். முகத்தில் இரத்தம் இல்லை. நான் கிட்டப் போய்த் தமிழில், "தம்பி, பயப்பிடாதையும். இறக்குமதிப் பேப்பருகள் இருக்கோ?" என்று கேட்டேன். அவர் பேப்பர்ப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் தந்தார். சுங்கப் பத்திரம் உட்பட எல்லாம் ஒழுங்காக இருந்தது. மார்செல் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சோதனை முடிந்தது, உம்மில் ஒரு பிழையும் இல்லை என்று நான் சொன்னதும் செல்வம் ஒரு கருவாட்டுப் பெட்டிக்கு மேலேயே இருந்து அழத் தொடங்கிவிட்டார். ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தாராம். அதை மறிக்கத்தான் அரசாங்கம் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

வலை போட்ட ஆட்கள் பேந்து, கொஞ்ச நாள் கழித்து, வேறு இடத்தில் அகப்பட்டார்கள். அன்றைக்கு நாங்கள் வெளிக்கிடும்போது செல்வம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்தார்: "அக்கா, மனிசியை இனி விடமாட்டினம் எண்டு நினைச்சு நான் செத்தே போனன். கருவாட்டுக்கு வாறியள் எண்டு முதலே சொல்லியிருந்தா தேத்தண்ணி போட்டு வைச்சிருப்பனே!"

ஜில்

இது சிரிக்கிற கதை இல்லை. முடிவு நல்லதாக வந்ததால் இப்போது சொல்ல முடிகிறது.

மொன்றியலுக்கு வடக்கே இருக்கிற பூங்கா ஒன்றில் யாரோ மூஸ் சுடுகிறார்கள் என்று தெரிய வந்தது. மூஸ் என்றால் குதிரையை விடப் பெரிய மான். குளிர்காலம் தொடங்குகிற நேரம், குளங்கள் மேலால் மட்டும் உறைந்திருந்தன. லீனும் ஒரு பூங்காக் காவலரும் காலையில் காட்டுக்குள் போனார்கள். பனியில் இரத்தத் துளிகளைக் கண்டு, காவலர் ஒரு பக்கத்தால் சுற்றிப் போக, லீன் தடத்தைப் பின்தொடர்ந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு பேசுவதற்கு அவள் கையில் வைத்திருந்த வானொலியில் பதில் இல்லை. காவலர் கத்திக் கூப்பிட்டும் பார்த்தார். எனக்கு அறிவித்தார்கள். ஆட்களைத் தேட அனுப்பச் சொல்லிவிட்டு மார்செலையும் கூட்டிக்கொண்டு நான் வடக்கே காரை விட்டேன்.

அந்த வழியில் சாப்பாட்டைப் பற்றிக்கூட மார்செல் ஒரு சொல் சொல்லவில்லை. நடுவில் லீனின் புருஷன் என் கைபேசிக்கு எடுத்தான். பிள்ளையைப் பகல் பராமரிப்புக் கார்டரியில் இருந்து யார் கூட்டி வருவது என்று கேட்க லீனுக்கு எடுத்தானாம், அவள் எடுக்கவில்லையாம். "அவ காட்டுக்குள்ள நிக்கிறா, அங்கை சிக்னல் இல்லை. இண்டைக்கு நீர் போய்க் கூட்டி வாரும்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பூங்கா நிலையத்தை அடைந்தபோது வாசலில் தெரியாத பழைய ரக் வண்டி ஒன்று நின்றது. பின்னால் தார்ப்பாயால் மூடிய ஏதோ பெரிய சாமான், கீழே இரத்தம் ஒழுகியிருந்தது. உள்ளே ஓடினேன். லீன் அடுப்புக்கு முன்னால் மூன்று கம்பளியில் சுற்றப்பட்டு இருந்தாள். உதடு நீலம், ஆனால் உயிரோடு. பக்கத்தில் இடுப்புவரை நனைந்த ஒரு மனிதன் நின்றான். அவனுடைய பெயர் ஜில். பகிடி விடவில்லை, பிரெஞ்சில் அது நல்ல ஆம்பிளைப் பெயர்.

நடந்தது இதுதான். தடம் ஒரு குளத்தின் மேல் போயிருந்தது. லீன் காலை வைத்ததும் பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் விழுந்துவிட்டாள். வானொலியும் போய்விட்டது. மறு கரையில் மரத்துக்குப் பின்னால் மூஸ் இறைச்சியோடு ஒளிந்து நின்றவன் ஜில். அவன் பேசாமல் போயிருக்கலாம். போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் துவக்கிலிருந்து குண்டுகளைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, பனிக்கட்டியில் வயிற்றால் ஊர்ந்து போய், துவக்கின் பிடியை அவளிடம் நீட்டி இழுத்திருக்கிறான். பிறகு ரக்கில் ஏற்றி, சூடேற்றியை முழுதாகப் போட்டு, தன்னைப் பிடிக்கிற ஆட்கள் இருக்கிற இடத்துக்கே நேராகக் கொண்டுவந்து விட்டிருக்கிறான்.

நான் லீனைக் கட்டிப்பிடித்தேன். எங்கள் கந்தோரில் அப்படி வழக்கம் இல்லை. அவள் பல் கிடுகிடுக்க, "அவர் துவக்கை நீட்ட, நான் கையைத் தூக்கிறதோ பிடிக்கிறதோ எண்டு ஒருக்கா யோசிச்சுப் போட்டன்" என்றாள். மார்செல் சுவருக்குத் திரும்பி மூக்கைச் சீறினார். நான் ஜில்லைப் பார்த்தேன். பதவிப்படி நான் அவனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று இருந்தது. நான் கேட்க முதல் அவனே சொன்னான்: "மடாம், மூஸ் என்ரைதான். அதைப் பேந்து கதைப்பம், முதல்ல இந்தப் பிள்ளைக்கு இன்னொரு கோப்பி குடுங்கோ."

நீதிமன்றம்

பேந்து கதைக்கத்தான் வேண்டியிருந்தது. விட்டுவிடலாமே என்று மார்செல் சொன்னார். எனக்கும் மனம் அப்படித்தான் சொன்னது. லீன்தான் ஒரே பிடியாக நின்றாள். என்னைக் காப்பாற்றினதற்காக மூஸ் உயிர்த்து வராது, இரண்டையும் நீதவானுக்குச் சொல்வோம், அவர் முடிவு செய்யட்டும் என்றாள். மேலிடமோ ரக்கையும் பறிமுதல் செய்யக் கேட்கச் சொன்னது. ஜில் குளிர்காலம் முழுவதும் அந்த ரக்கில்தான் ஆட்களின் வாசல்களில் பனி தள்ளி வீட்டுக்கு உழைத்தான். ரக் போனால் குடும்பம் போனது. மேலிடத்தோடு போனில் என்னால் முடிந்தவரை சண்டை பிடித்தேன். கடைசியில், நீதவான் பார்த்துச் செய்யட்டும் என்று விட்டார்கள்.

லீன் கூண்டில் ஏறி நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். இரத்தத் தடத்தையும் சொன்னாள், நீட்டின துவக்கையும் சொன்னாள். நான் விரல்களுக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். சாட்சிப் பக்கம் இருந்துகொண்டு குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்காகச் செபித்த மேற்பார்வையாளர் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். தீர்ப்பு வந்தது: தண்டப் பணம், சில வருஷத்துக்கு வேட்டைக்குத் தடை. ரக் அவனுக்கே. மார்செல் விட்ட மூச்சு பின்வரிசை வாங்கில்வரை கேட்டிருக்கும்.

வெளியே படியில் ஜில் எங்களிடம் வந்து கை கொடுத்தான். தன் மனைவியையும் அறிமுகப்படுத்தினான். அவள் லீனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜில் என்னைத் தனியாக ஒரு பக்கம் கூப்பிட்டு, மிகுந்த அக்கறையோடு சொன்னான்: "மெர்சி மடாம். ஆனா அடுத்த முறை என்னைப் பிடிக்க அனுப்பேக்கை, கொஞ்சம் பாரம் குறைஞ்ச ஆளாப் பாத்து அனுப்புங்கோ, அந்தக் குளம் இவவையே தாங்கேல்லை."

வகுப்பறை

என் மகள் அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்தாள். பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்று பிள்ளைகள் எழும்பி நின்று சொல்ல வேண்டும். பெற்றோரும் பின்னால் இருந்து கேட்கலாம். நானும் போயிருந்தேன். தீயணைப்புக்காரரின் மகன் சொன்னான், பல் வைத்தியரின் மகள் சொன்னாள். மகளின் முறை வந்தது. குற்றவாளிகள், காடு, துவக்கு எல்லாம் வரப்போகிறது என்று நான் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன்.

உன் அம்மா பொலிஸா என்று ஆசிரியை கேட்டார். வீட்டில் அவள் கண்டதெல்லாம் நான் போனைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டாச்சா, தொப்பி போட்டாச்சா, எங்கை நிக்கிறியள், இருட்ட முதல் வெளிக்கிடுங்கோ என்று கேட்டுக்கொண்டிருப்பதைத்தான். வகுப்பு முழுவதும் கேட்கச் சத்தமாகச் சொன்னாள்: "இல்லை, அவ பொலிஸ் இல்லை. பொலிஸ்காரருக்கு அம்மா."

அத்தனை வருஷத்தில் நான் என் கையால் ஒரு திருடனைக்கூடப் பிடிக்கவில்லை, போன ஆட்கள் எல்லாரும் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள், இந்த இரண்டில் எதற்காக எனக்குச் சம்பளம் என்று மேலிடம் கடைசிவரை கேட்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.