மூன்றாம் மாடியைக் காப்பாற்றிய நால்வர்

சாவியக்கா ஓரிடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர் அந்த விடுதியில் எவரும் இலர். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் ஓசை முன்னே வரும். அவர் பின்னே வருவார். அறைகளைத் துடைத்து, படுக்கை விரித்து, துவாலை மடித்து வைக்கும் பணியாளர்களுக்கு அவர்தாம் மேற்பார்வையாளர். பெற்றோர் இட்ட பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. அவருடைய கையும் சும்மா இராது. பல் மருத்துவரிடம் போனால், அங்குக் கிடக்கும் செய்தித்தாள்களை ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "உனக்குக் காலுல சக்கரம் கட்டி அனுப்பிட்டாங்க, பிரேக் வைக்க மறந்துட்டாங்க" என்பார் கணவர். நகரப் பேருந்தை நெடுங்காலம் ஓட்டி, முதுகெலும்பு தேய்ந்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து வீட்டு நாற்காலிக்கு மாறியவர் அவர். ஆகவே, வீட்டுக்கு வருவது சாவியக்காவின் சம்பளம் ஒன்றே.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. விடுதியை முதலாளி விற்றுவிட்டார். வாங்கியவர் அதை இடித்துக் குடியிருப்பு கட்டப் போகிறார். மாதக் கடைசியோடு வேலை முடிந்தது என்று பணியாளர் சாப்பிடும் அறையில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதே வாரம், சில தெருக்கள் தள்ளிப் புதிதாகத் திறக்கவிருந்த மருத்துவமனை ஆள் எடுப்பதாகத் தெரியவந்தது. துப்புரவுப் பிரிவுக்குப் பணியாளர்கள் சிலர்; மேற்பார்வையாளர் ஒருவர். விண்ணப்பத்துடன் தன்விவரக் குறிப்பும் வேண்டும். விடுதியில் எத்தனையோ கதவுகளைத் திறந்தவருக்கு, நாற்பத்தெட்டு வயதில் தமக்கென்று இன்னொரு கதவு எளிதில் திறக்காது என்பது தெரிந்திருந்தது.

அவர் கைப்பட எழுதியது ஐந்து பக்கம் வந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் அதை வாசித்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இது பயோடேட்டாவா, சுயசரிதையா?"

"எல்லாம் நடந்ததுதானேடி."

"நடந்ததையெல்லாம் எழுதக் கூடாது. அவங்களுக்கு வேண்டியதை மட்டும் எழுதணும். ஒரே பக்கம். படிக்கிறவங்க அரை நிமிஷம்தான் பார்ப்பாங்க."

"அரை நிமிஷமா? ஒரு தலையணைக்கு உறை போடவே அதைவிட நேரம் ஆகுமே!"

சமையலறைக்கும் மேசைக்கும் இடையே சாவியக்கா நடந்துகொண்டிருக்க, மகள் ஒவ்வொன்றாக வெட்டினாள். எடை, உயரம், இரத்தப் பிரிவு போயின. திருமணத்துக்கு முன் ஒரு பொம்மைக் கடையில் சில மாதம் நின்ற கதை போயிற்று. கழிவறை துடைப்பவராகச் சேர்ந்து மேற்பார்வையாளரானதைச் சாவியக்கா மறைக்க நினைத்தார். "அதை எடுத்தா மிச்சம் என்ன இருக்கு? அதுதான் உன்னோட ஏணி" என்று மகள் அதைத் தக்கவைத்தாள். இடையில் ஓராண்டு வேலைக்குப் போகாமல் இருந்த காலத்தையும் மறைக்க விடவில்லை.

"படுத்த படுக்கையா இருந்த பாட்டியைப் பார்த்துக்கிட்டேன்னு ஒரே வரியில சொல்லிடு. ஒளிச்சாத்தான் கேள்வி வரும். அதுவும் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு அது தேவையான விஷயம்."

கணவர் பெயரில்தான் தகராறு வந்தது. அது வேண்டியதில்லை என்றாள் மகள்.

"இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷனுக்கு ஒரு வரி இடம் கிடையாதா?"

"என்னைச் சேர்த்தா சம்பளம் கூட்டித் தருவாங்களான்னு கேளு. இல்லைன்னா என்னை இறக்கி விட்டுடு" என்றார் கணவர், நாற்காலியிலிருந்து.

சாவியக்கா இறக்கி விடவில்லை. கணவர் பெயர் நின்றது.

கடைசியாகத் தீ. சில ஆண்டுகளுக்கு முன், விடுதியின் மூன்றாம் மாடியில் துணி தேய்க்கும் அறையில் தீப்பற்றியது. யாருக்கும் காயம் இல்லாமல் விருந்தினர் எல்லாரும் இறங்கினார்கள். சாவியக்கா அதை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். யார் எங்கே ஓடினார், யார் எதைப் பிடித்தார் என்பதெல்லாம் அதில் இருந்தது.

"மத்தவங்க கதை எதுக்கும்மா? இது உன்னோட பேப்பர்" என்ற மகள், பக்கத்தை ஒரு வரியாக்கினாள்: தீ விபத்தின்போது மூன்றாம் மாடி விருந்தினர் அனைவரையும் பாதுகாப்பாக வெளியேற்றினேன். வாசித்துப் பார்த்த சாவியக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. யாரோ ஒரு பெரிய பெண்மணியைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது.

மறுநாள், உடன் வேலை செய்த மூவர் அவரைப் பிடித்துக்கொண்டனர். முதலாமவள் சோப்பு; விருந்தினர் விட்டுச் செல்லும் சோப்புத் துண்டுகளைச் சேர்த்து வைப்பதால் வந்த பெயர். இரண்டாமவள் ஆமை; பருத்த உடம்பு, அவசரமே அறியாத நடை. மூன்றாமவர் மீசை, ஐம்பதைத் தாண்டியவர், தீ விபத்துக்குப் பின் வேலைக்கு வந்தவர்.

"அக்கா, உங்க பேப்பரை ஒரு மாதிரிக்கு அனுப்புங்களேன். பேரை மட்டும் மாத்திக்கிறோம்" என்றாள் சோப்பு. சாவியக்கா கைப்பேசியில் அனுப்பிவைத்தார். சொன்ன சொல்லை அவர்கள் அவ்வளவு நேர்மையாகக் காப்பாற்றுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அச்சடித்துத் தரும் கடைக்குப் போய், மூவரும் பெயரை மட்டுமே மாற்றினார்கள்.

நால்வருக்கும் ஒரே நாளில் நேர்காணல். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் புதுச் சுண்ணாம்பின் நெடி. நாற்காலிகளுக்குப் போட்டிருந்த நெகிழி உறைகளைக்கூட இன்னும் கழற்றவில்லை. மூவர் அமர்ந்திருந்தனர். சாவியக்கா சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார். மேற்பார்வையாளர் வேலைக்கு வேறு எத்தனை பேர் வந்திருப்பார்கள்? வயதைக் கேட்பார்களா? கேட்டால் என்ன சொல்வது?

சோப்பு முதலில் போய், முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள்.

"ரொம்பச் சுலபம் அக்கா. மூணாவது மாடித் தீயைப் பத்தித்தான் கேட்டாங்க."

சாவியக்காவின் நடை நின்றது. "உன்கிட்ட ஏன் அதைக் கேட்டாங்க?"

"பேப்பர்ல இருக்கே! எல்லாரையும் நான்தான் வெளியேத்தினேன்னு சொல்லிட்டேன்."

"நீயா?"

"பேப்பர்ல அப்படித்தானே அக்கா போட்டிருக்கு!"

ஆமை எழுந்து, நிதானமாக உள்ளே போய், நிதானமாக வந்தாள். "என்னையும் அதையேதான் கேட்டாங்க. நானும் நான்தான்னு சொன்னேன். மாத்திச் சொன்னா உங்க பேப்பருக்கு மரியாதை இல்லையே அக்கா."

மீசை வெளியே வந்தபோது கழுத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர் பஸ்தானே ஓட்டினாரு?"

"ஆமா. ஏன் அண்ணே?"

"அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கேன். 'உங்க கணவர் என்ன செய்றாரு'ன்னு அந்த நர்ஸம்மா கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. பேப்பர்ல பேரைக் காட்டினாங்க. எழுதினதை இல்லைன்னு சொல்லக் கூடாதேன்னு, பஸ் ஓட்டிக்கிட்டிருந்தாரு, இப்ப முதுகுவலின்னு சொல்லிட்டேன்."

சோப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிள்ளைங்க எத்தனைன்னு கேக்கலையா?"

"கேட்டிருந்தா ஒரு பொண்ணு, காலேஜ்ல படிக்குதுன்னு சொல்லியிருப்பேன்" என்றார் மீசை.

சாவியக்காவால் சிரிக்க முடியவில்லை. அசல் தம்முடையது என்று சொன்னால், இந்த மூவரும் பொய்யர்களாகித் தெருவில் நிற்பார்கள். சொல்லாவிட்டால், தாமும் நான்காவது நகலாகிவிடுவார். அந்த ஒரே இடம் வேறு யாருக்கோ போய்விடும். எதைச் சொல்வது, எதை விடுவது? மேசையருகே மகளோடு பேசி முடிவு செய்ய அப்போது அவகாசம் இல்லை. அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே நிர்வாக மேலாளரும் தலைமைச் செவிலியும் இருந்தனர். மேசைமேல் நான்கு தாள்கள் பக்கம் பக்கமாகக் கிடந்தன.

"உட்காருங்கம்மா."

"நிக்கிறேனே சார்."

"உட்காருங்க. தீ ஒண்ணு, எல்லாரையும் வெளியேத்தினவங்க நாலு பேரு. அதுல ஒருத்தருக்கு மீசையும் இருக்கு, கணவரும் இருக்காரு. இதுல எதும்மா அசல்?"

மடிப்பதற்கு ஏதேனும் கிடைக்குமா என்று சாவியக்காவின் விரல்கள் தேடின. ஒன்றும் இல்லை. புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னோடதுதான் சார். மாதிரிக்குக் கேட்டாங்க. நான்தான் அனுப்பினேன்."

"அப்ப மத்த மூணு பேரும் பொய் சொல்லியிருக்காங்க." மேலாளர் மூன்று தாள்களைச் சேர்த்து எடுத்து, மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளினார்.

அந்தத் தள்ளலைப் பார்த்ததும் சாவியக்கா எழுந்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்க சார். அசலும் முழு உண்மை இல்லை."

செவிலி தலையை உயர்த்தினார்.

"நான் கதவுகளைத் திறந்தேன். எல்லா அறைக்கும் பொதுச் சாவி என்கிட்டதான் இருந்துச்சு. அவ்வளவுதான் நான் செஞ்சது. புகைக்குள்ள ஓடிப் போய் மெயின் சுவிட்சை இறக்கினது முதல்ல வந்துட்டுப் போனாளே, அந்த ஒல்லிப் பொண்ணு. நடக்க முடியாத ஒரு பெரியவரை முதுகுல சுமந்து மாடிப்படி இறக்கினது ரெண்டாவதா வந்தவ. அவ ஓடி நாங்க பார்த்தது அன்னைக்கு ஒரு நாள்தான் சார். அதையெல்லாம் நானும் எழுதியிருந்தேன். ஒரே பக்கத்துக்குள்ள அடங்கணும்னு அவங்களை எடுத்துட்டோம்."

செவிலி, ஒதுக்கிய தாள்களிலிருந்து ஒன்றை உருவினார். "சரி, இவரு யாரைச் சுமந்தாரு?"

அது மீசையின் தாள். ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வந்தார் என்று சொன்னால் போதும். மறுத்துப் பேச ஆள் இல்லை. விடுதியே இல்லாமல் போகப் போகிறது. சாவியக்காவின் நாக்கு அந்த வாளி வரைக்கும் போய்விட்டது.

"அவரு அன்னைக்கு இல்லைம்மா. அதுக்கு அப்புறம்தான் வேலைக்கு வந்தாரு."

மேலாளர் பேனாவைத் திறந்தார்.

"ஆனா சார், அந்தப் பேப்பர்ல அவரைப் பத்தி ஒரு வரி கூட இல்லை. அவரு தையல்காரரு. சொந்தமாக் கடை வச்சு நொடிச்சுப் போனவரு. அதை எழுதினா கேவலம்னு விட்டுட்டு, என்னோடதை வாங்கி மாட்டிக்கிட்டாரு. எங்க விடுதியில கிழிஞ்ச விரிப்பெல்லாம் அவரு கை பட்டுத்தான் மறுபடியும் படுக்கைக்குப் போகும். உங்க ஆஸ்பத்திரியில துணி கிழியாதா?"

"கிழியாமலா?" என்ற செவிலி மேலாளர் பக்கம் திரும்பினார். "தையல் மிஷின் வந்து அட்டைப் பெட்டியிலேயே கிடக்குது சார்."

"பொய் விவரம் குடுத்தவரை எப்படி எடுக்கிறது?" என்றார் மேலாளர். பிறகு சாவியக்காவைப் பார்த்தார். "நீங்களும் யோசிங்கம்மா. இங்க நோயாளிங்களைப் பத்தின விவரமெல்லாம் உங்க கண்ணுல படும். யாராவது கேட்டா அதையும் இப்படித்தான் அனுப்பி வைப்பீங்களா?"

இந்தக் கேள்விக்கு மகள் விடை சொல்லித்தரவில்லை. அது நியாயமான கேள்வி என்பதும் சாவியக்காவுக்கு உறைத்தது.

"கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்லை சார். பழகிக்கிறேன்."

மேலாளர் சிரிக்கவில்லை. வெளியே காத்திருக்கச் சொன்னார்.

சாவியக்கா நேராக மீசையிடம் போனார். சுற்றி வளைக்க அவருக்குத் தெரியாது.

"அண்ணே, தீப்பிடிச்ச அன்னைக்கு நீங்க இல்லைன்னு சொல்லிட்டேன்."

மீசையின் முகம் சுருங்கியது. "ஒரு 'ஆமா' சொல்லியிருந்தா உன் சொத்தா கரைஞ்சிருக்கும்?"

"கரையாது. ஆனா அந்த ஒரு பொய்யைச் சேர்த்தா, இவங்க ரெண்டு பேரும் நிஜமாச் செஞ்சதும் பொய்யாப் போயிடும். நீங்க தையல்காரர்ங்கிறதையும் சொன்னேன்."

"அதை எதுக்குச் சொன்னே? கடை முழுகின கதை இங்கயும் தெரியணுமா? அதை மறைக்கத்தானே உன் பேப்பரை வாங்கினேன்!"

சோப்புக்குக்கூடச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. மீசை நாற்காலியை நகர்த்தி, மூவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சாவியக்கா மறுபடியும் நடக்கத் தொடங்கினார். இம்முறை மேற்பார்வையாளர் வேலை அவருடைய நினைவில் பாதிதான் இருந்தது.

அலுவலகப் பெண் ஒருத்தி வந்து பெயர்களைப் படித்தாள். சோப்பும் ஆமையும் அடுத்த மாதம் முதல் வேலைக்கு வரலாம். சாவியக்காவுக்கு மேற்பார்வையாளர் வேலை. ஆனால், முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். ஆமை அவரைக் கட்டிப்பிடித்ததில் மூச்சு முட்டியது.

"ஐயா, நீங்க மட்டும் தையல் அறைக்கு வாங்க. விரிப்புக்கு ஓரம் அடிச்சுக் காட்டணுமாம்" என்றாள் அந்தப் பெண்.

மீசை எழுந்தார். சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டார். சாவியக்காவை ஏறிட்டுப் பாராமல், அந்தப் பெண்ணின் பின்னே போனார்.

"வாங்க அக்கா, பஸ்ஸு போயிடும்" என்றாள் சோப்பு.

"நீங்க போங்கடி. நான் வரேன்."

தையல் அறையின் கதவு சாத்தியிருந்தது. அட்டைப் பெட்டியைக் கிழிக்கும் சத்தம், இரும்பு தரையில் உரசும் சத்தம், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. இயந்திரம் ஓடத் தொடங்கி, சட்டென்று நின்றது. கதவுக்கு வெளியே சாவியக்காவும் நின்றார். ஊசி முறிந்ததா, நூல் அறுந்ததா?

"என்ன நூல்மா இது, இழுத்தா சிலந்தி வலை மாதிரி அறுந்து வருது? இதுல தைச்சா ஒரு வெளுப்புக்குத் தாங்காது. வேற நூல்கண்டு எடுத்துட்டு வாங்க!"

அது விண்ணப்பம் கொடுத்தவரின் குரல் அன்று, கடைக்காரரின் குரல். ஒரு பெண் ஓடிப்போய் எதையோ எடுத்து வந்தாள். இயந்திரம் மீண்டும் கிளம்பியது. சாவியக்கா தாழ்வாரத்தின் கோடிவரை நடந்து, திரும்பி வந்தார். அது ஓடிக்கொண்டிருந்தது.