கைப்பிடியிலிருந்து கையை எடுத்தபோது

எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் தோற்றவள் நான். கல்யாணமாகி அம்மையார்குப்பம் வந்த பிறகும் விடவில்லை. ஞாயிறுதோறும் பஸ் ஏறித் திருத்தணி டுடோரியலுக்குப் போனேன்.

ஒரு நாள் ஆசிரியர் 'கன்ட்ரோல்' என்ற வினைச்சொல்லை நடத்தினார். வண்டியை இயக்குவதும் கன்ட்ரோல், கோபத்தை அடக்குவதும் கன்ட்ரோல், ஊரையே கைக்குள் வைத்திருப்பதும் கன்ட்ரோல். "ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க. உண்மையா இருக்கணும்" என்றார்.

என் முறை வந்தது. எங்கள் வீட்டு விசைத்தறிக்கு நான் தார் சுற்றிக் கொடுப்பேன், சிறு குச்சியில் ஊடை நூலைச் சுற்றுகிற வேலை; தறியைத் தொடுவது ஆண்கள் மட்டுமே.

"அடுத்த வாரம் சொல்றேங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை என் கணவரிடம் போய், "பாவா, இன்னிக்கு நான் தறி ஓட்றேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு? இழை அறுந்தா உனக்கு நிறுத்தத் தெரியாது. துணி பாழாயிடும்."

"தினம் பாத்துகினுதானே இருக்கேன்."

கைப்பிடியைத் தள்ளினேன். தறி ஓடியது. சற்று நேரத்தில் ஓர் இழை அறுந்தது. அவர் பாய்ந்து வந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"கைய எடுங்க பாவா. நானே நிறுத்தறேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையை எடுத்தார். நான் தறியை நிறுத்தி, அறுந்த இழையை முடிந்து, மறுபடியும் ஓட்டினேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் முதல் ஆளாக எழுந்து, 'ஐ கன்ட்ரோல் தி லூம்', தறியை நான் இயக்குகிறேன் என்று என் வாக்கியத்தைச் சொன்னேன். என் கணவர் கையை எடுத்த அந்த நொடியிலேயே அது உண்மையாகிவிட்டிருந்தது.

அந்த வருஷமே அவரும் தார் சுற்றப் பழகினார். நன்றாகவே சுற்றினார்.